இருதய ஆண்டவரும் இடையில் ஒரு சுவரும்

கடலூர், சிதம்பரம் பக்கம் பள்ளிக்கூடம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது ஆரோக்கியசாமி, அந்தோணிசாமி, சவரிமுத்துன்னு போற வரிசையில கண்டிப்பா ஒரு இருதயராஜ் இருப்பான். இல்லேன்னா ஒரு இருதயநாதன், இருதயமேரி. அப்போ அது வெறும் பேரு, அவ்வளவுதான். பெட்டி தட்டற வேலைக்கு வந்து, ராத்திரி பில்டு ஓடி முடியற வரைக்கும் எதையாவது படிச்சுக்கிட்டு இருக்கிற பழக்கம் வந்த பிறகுதான் இந்தக் கேள்வி உதிச்சது. நம்ம ஊர்ல சாமியோட கண்ணை வச்சு மீனாட்சி, விசாலாட்சின்னு பேர் உண்டு. திருவடிக்கும் பஞ்சமே இல்ல. ஆனா சாமியோட இதயத்தை வச்சுப் பேர் வைக்கிற வழக்கம் எங்கேருந்து வந்தது?

நான் கிறிஸ்தவன் இல்ல. இது பக்திப் பதிவும் இல்ல, மதமாற்றம் பத்தின பஞ்சாயத்தும் இல்ல. ஒரு படம் எப்படி நம்ம கடற்கரைக்கு வந்து சேர்ந்தது, வந்த இடத்துல எதைச் செஞ்சது, எதைச் செய்யாம விட்டதுன்னு ஒரு சின்ன வரலாறு. கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க :)

அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கத்தோலிக்க நண்பர்கள் வீட்டு ஹால்ல, வாசலுக்கு நேரா மாட்டியிருக்கும். இயேசு ஒரு கையால தன் நெஞ்சைக் காட்டுவார். அங்க இதயம் வெளியவே தெரியும். அதைச் சுத்தி முள்முடி, மேல ஒரு சிலுவை, தீ ஜுவாலை, ஒரு பக்கம் ஈட்டி குத்தின காயம். கீழே ஒரு சிவப்பு பல்பு எரியும். இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் மூதாதையா சொல்றது, 1760கள்ல பொம்பேயோ பத்தோனிங்கிற இத்தாலிய ஓவியர் வரைஞ்ச படம். ரோம்ல சேசு சபையோட தலைமைக் கோயில்ல இருக்கு. அங்கேருந்து கிளம்பி அச்சு மாறி அச்சு மாறி நம்ம சிவகாசி காலண்டர் வரைக்கும் வந்துட்டார்.

ஆனா கதை அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி ஆரம்பிக்குது. பிரான்ஸ்ல பாரே-லெ-மொனியால்னு ஒரு சின்ன ஊர். அங்க விசிட்டேஷன் மடத்துல மார்கரெட் மேரி அலக்கோக்னு ஒரு கன்னியாஸ்திரி. 1673 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1675 ஜூன் வரைக்கும் தனக்கு இயேசுவோட காட்சி பல தடவை கிடைச்சதா அவங்க சொன்னாங்க. சாரம் இதுதான்: மனுஷங்க மேல இவ்வளவு அன்பு வச்சிருக்கிற இதயம் இது, பதிலுக்குக் கிடைக்கிறது அலட்சியம்தான். இந்த இதயத்துக்குன்னு ஒரு திருநாள் வேணும், மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்கணும். மடத்துல உடனே யாரும் நம்பிடல. கிளோட் லா கொலொம்பியேர்னு ஒரு சேசு சபைச் சாமியார் அங்க வந்து, இந்தப் பொண்ணு சொல்றதுல விஷயம் இருக்குன்னு அவங்க பக்கம் நின்னார்.

இதுல என்ன பெருசுன்னு கேட்டா, அன்னிக்கு பிரெஞ்சு கத்தோலிக்கத்துல வீசின காத்தைப் பார்க்கணும். ஜான்சன்னு ஒரு பிஷப். அவர் செத்த பிறகு 1640ல அவர் புத்தகம் வெளியாச்சு. அந்த வழியில போனவங்க ரொம்பக் கறாரான ஆளுங்க. மனுஷன் பாவி, கடவுளோட அருள் எல்லாருக்கும் கிடைச்சுடாது, நற்கருணை வாங்க உனக்குத் தகுதி இருக்கான்னு பத்து தடவை யோசி, இப்படி ஒரு போக்கு. பயந்து பயந்தே ஜனங்க பலிபீடத்துப் பக்கம் போறதைக் குறைச்சுக்கிட்டாங்க. அந்த நேரத்துல ஒரு கன்னியாஸ்திரி வந்து, தள்ளி நிக்காதே, அவர் நெஞ்சைத் திறந்து வச்சுக்கிட்டுக் கூப்பிடறார்னு சொல்றாங்க. அதாவது இந்தப் பக்தி ஒரு தூரத்துக்குப் பதிலாப் பிறந்தது. இந்தத் தூரம்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்கு ஒரு கிக். முதல் காட்சி 1673. அதுக்கு அடுத்த வருஷம் 1674லதான் பிரான்சுவா மார்த்தேன் பாண்டிச்சேரியில பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவுறார். மார்கரெட் மேரி இறந்தது 1690. அதே வருஷம்தான் ஆங்கிலேயர்கள் மராட்டியர்கள்கிட்டேருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்குறாங்க. (பீரங்கியால சுட்டு, குண்டு விழுற வரைக்கும் எங்க எல்லைன்னு எடுத்துக்கிட்டாங்களே, அந்தக் கோட்டைதான். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி பேரெல்லாம் அதோட மிச்சம்.)

பாண்டிச்சேரி பிரெஞ்சு, கடலூர் இங்கிலீஷ். நடுவுல இருபத்தி சொச்சம் கிலோமீட்டர். அதனால கடலூர்ல கத்தோலிக்கன்னாலே பிரெஞ்சுக்காரனுக்கு உளவு சொல்றவன்னு ஒரு சந்தேகம். 1749ல ஆங்கிலேயர்கள் கடலூர்ல இருந்த கத்தோலிக்கக் கோயிலைப் பிடுங்கி, கீர்நாண்டர்ங்கிற புராட்டஸ்டண்ட் மிஷனரி கையில கொடுத்துட்டாங்க. 1758ல லாலி படையெடுத்து கடலூரைப் பிடிச்சதும் கீர்நாண்டர் கல்கத்தாவுக்குக் கிளம்பிட்டார். யார் பீரங்கி பெருசோ அவங்க பூசைதான்!

ஐரோப்பாவுல இந்தப் பக்தி மெதுவாத்தான் ஏறுச்சு. 1765ல ரோம் சில இடங்களுக்கு மட்டும் திருநாள் கொண்டாட அனுமதி கொடுத்தது. 1856ல போப் 9ம் பத்திநாதர் உலகம் முழுக்க ஆக்கினார். 1899ல 13ம் சிங்கராயர் உலகத்தையே திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். (பத்திநாதர்னா பயஸ், சிங்கராயர்னா லியோ. அந்தக் காலத்துச் சாமியார்கள் பேரைக்கூட விட்டு வைக்கல, எல்லாத்தையும் தமிழாக்கிட்டாங்க.) நடுவுல பிரான்ஸ்ல இந்த இதயம் அரசியல் சின்னமாவும் ஆயிடுச்சு. 1793ல புரட்சிக்கு எதிராக் கிளம்பின வாந்தே பகுதி விவசாயிங்க சட்டையில இதைத் தச்சுக்கிட்டுப் போனாங்க. பாரிஸ்ல மொன்மார்த்ர் குன்று மேல வெள்ளை வெளேர்னு நிக்குதே சாக்ரே-கேர், அதுவும் இதே திரு இருதயக் கோயில்தான். 1875ல அடிக்கல் போட்டாங்க.

நம்ம பக்கம் இதைப் பெரிய அளவுல கொண்டுவந்தது 19ம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷனரிகள். 1773ல சேசு சபையை ரோம் கலைச்ச பிறகு, 1776ல பாண்டிச்சேரி மிஷன் பாரிஸ் வேதபோதக சபை கைக்குப் போச்சு. 1886ல பாண்டிச்சேரி உயர்மறைமாவட்டம் ஆச்சு. 1895ல பேராயர் காந்தி (பிரெஞ்சுக்காரர், நம்ம காந்தி இல்ல!) அந்த மறைமாவட்டத்தையே திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து, இதுக்குன்னு ஒரு கோயில் கட்டியே ஆகணும்னார். வெல்ட்டர்னு ஒரு சாமியார் பொறுப்பு எடுத்துக்கிட்டார். 1902ல வேலை ஆரம்பம், 1907 டிசம்பர்ல திறப்பு. பாண்டிச்சேரி ரயில்வே ஸ்டேஷன் கிட்ட, சிவப்பும் வெள்ளையுமா கோதிக் பாணியில நிக்குதே, அதேதான். 2011ல அதுக்கு பசிலிக்கா அந்தஸ்து கிடைச்சது.

வருஷங்களைக் கவனிச்சீங்களா? 1902லேருந்து 1907. அதே சமயம் பிரான்ஸ்ல என்ன நடந்தது? 1904ல துறவற சபைகள் பள்ளிக்கூடம் நடத்தத் தடை. 1905ல அரசையும் திருச்சபையையும் பிரிக்கிற சட்டம். 1906ல அதிகாரிகள் கோயில் கோயிலாப் போய் சொத்துக் கணக்கு எடுக்க, ஜனங்க கதவை அடைச்சுக்கிட்டு மறியல். தாய்நாட்டுல இப்படிக் கதவு சாத்திக்கிட்டு இருந்தப்போ, இங்க அதே பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே கோபுரம் ஏறிக்கிட்டு இருந்தது. பாண்டிச்சேரியில மட்டுமில்ல, சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூர்ல 1894லயே ஃபெர்டினாண்ட் செல்ங்கிற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் திரு இருதயக் கோயில் எழுப்பிட்டார். வைகை ஓரக் கிராமத்துல பிரான்ஸோட ரான்ஸ் கதீட்ரல் சாயல்!

கோயிலுக்கு வந்தவர் வீட்டுக்கு எப்படி வந்தார்? அதுக்குக் காரணம் மத்தேயோ கிராலி-போவேன்னு பெரு நாட்டுச் சாமியார் 1907ல ஆரம்பிச்ச இயக்கம். ஒவ்வொரு குடும்பமும் திரு இருதயப் படத்தை வீட்டுல பிரதானமான இடத்துல வச்சு, இந்த வீட்டுக்கு நீங்கதான் ராஜான்னு ஒப்புக்கொடுக்கணும். ஹால்ல மாட்டியிருக்கிற படம், சிவப்பு பல்பு, இருதயராஜ்ங்கிற பேருல வர்ற அந்த 'ராஜ்', எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது இந்த எண்ணம்தான்.

இங்க வந்த பிறகு அவர் முழுசாத் தமிழ் ஆனாரா? பாதிதான் ஆனார்னு தோணுது. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துல வீரமாமுனிவர் கட்டின கோயில்ல மாதாவுக்குப் பேரே பெரியநாயகி. விருத்தாசலம் கோயில் அம்மன் பேரும் அதுதான். இருதய ஆண்டவருக்கு அப்படி நடக்கல. முகம், அங்கி எல்லாம் ஐரோப்பாதான். ஆனா சுத்தி இருக்கிறது அத்தனையும் நம்மூர். கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, அன்னதானம். முதல் வெள்ளியும் நல்லா ஒட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழமைன்னா விசேஷம்னு யாரும் தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லையே.

இப்போ சிதம்பரத்துக்கு வருவோம். அண்ணாமலையில இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷம் அந்தக் கீழ வீதிக் கோபுரத்தைப் பார்க்காத நாள் கம்மி. இந்த ஊரோட தத்துவமே இதயம்தான். பிரபஞ்சத்தை ஒரு உடம்பா நினைச்சா அதோட இதயம் தில்லைன்னு சொல்ற மரபு உண்டு. நம்ம நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன வெளி இருக்கு, அதுக்குள்ள அவன் ஆடறான்னு தகராகாசம் பத்திப் பேசுவாங்க. சாந்தோக்ய உபநிஷத்துலயே வர்ற விஷயம் அது. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றினது இதே கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல. அதுல பூசலார் கதை வருதில்லையா? கையில காசில்லாம மனசுக்குள்ளயே கோயில் கட்டி, ராஜா கட்டின கோயில் கும்பாபிஷேகத்தையே தள்ளி வைக்க வச்ச ஆளு!

ஆக, கடவுளும் இதயமும்னா இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. வித்தியாசம் திசையில இருக்கு. பூசலார் கதையில மனுஷன் நெஞ்சுக்குள்ள சாமி குடியேறுது. திரு இருதயப் பக்தியில சாமிக்கே ஒரு நெஞ்சு, அதுவும் சதையும் ரத்தமுமா, காயம்பட்ட நெஞ்சு. முதல்ல சொன்னதுல உள்ள வாங்கன்னு மனுஷன் கூப்பிடறான். இதுல சாமி கூப்பிடுது. ரெண்டுமே தூரத்தை ஒழிக்கிற வேலைதான்.

சரி, தூரம் ஒழிஞ்சுதா? இங்கதான் கதை கசக்குது.

திரு இருதயக் கோயில் கட்டறதுக்கு நூத்தைம்பது வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1745. பாண்டிச்சேரி சம்பா கோவிலுக்குள்ள ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரங்களும், இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். இதை நமக்குச் சொல்றது கிறிஸ்தவ ஆவணம் இல்ல, ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பு. தலித் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியார்கிட்ட முறையிட்டாங்க: நாங்களும் உங்க சீடர்தானே, ஒரே கடவுள்தானே, அப்புறம் எதுக்கு நடுவுல சுவருன்னு. சாமியார் சுவரை இடிக்கச் சொல்லிட்டார். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தாங்க. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிச்சுப் போய் ரகளை.

முதலாண்டு 1744லதான், போப் 14ம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் பத்தின நீண்ட சண்டைக்கு ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். மேல ரோம்ல தீர்ப்பு. ஆனா இங்க கேள்வி கேட்டது சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்ட ஜனங்க. அதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

யாராவது பின்னூட்டத்துல கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அதே நாட்குறிப்புல 1748ம் இருக்கு. முற்றுகை நேரத்துல சம்பா கோவில் பக்கத்துல இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை துய்ப்ளேக்ஸ் ஆட்கள் இடிச்சாங்க, சேசு சபையினரும் கூட இருந்தாங்க. சுவரை இடிச்ச மூணு வருஷத்துல அடுத்தவன் கோயிலையும் இடிச்சாச்சு. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சா அது வரலாறு இல்ல.

சிதம்பரத்துலயும் இதே கதைதானே? ஆதனூர் நந்தனார் தில்லைக்குப் போகணும்னு தவிச்சவர். நெருப்புல இறங்கி வந்த பிறகுதான் உள்ள விட்டாங்கன்னு பெரியபுராணம். கோபாலகிருஷ்ண பாரதியார் அதை எடுத்து, கூடவே ஒரு ஆண்டையையும் சேர்த்து நந்தனார் சரித்திரக் கீர்த்தனையா ஆக்கினார். அது 1861 வாக்குல அச்சாக உதவினது யார் தெரியுமா? காரைக்கால்ல இருந்த சீசேங்கிற பிரெஞ்சு அதிகாரி. அப்புறம் சுவாமி சகஜானந்தர் சிதம்பரம் வந்து, நந்தனார் பேருலயே 1916ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு, 1959ல சாகுற வரைக்கும் தலித் பிள்ளைகளைப் படிக்க வச்சார். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947ல. நெருப்புல இறங்கி அறுபத்துமூவர்ல ஒருத்தரா ஆனவரோட சொந்தக்காரங்க உள்ள போக சட்டம் தேவைப்பட்டது.

இந்தப் பக்கம் பாண்டிச்சேரி மறைமாவட்டத்தோட பேருல கடலூர் சேர்ந்தது 1953ல. அப்போ பாண்டிச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில. அடுத்த வருஷம் அவங்க கிளம்பிட்டாங்க. நாடு மாறிச்சு, பிஷப்புகள் தமிழரானாங்க. 2008 மார்ச் 9, இதே மறைமாவட்டத்துல, உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். தலித் கிறிஸ்தவர்கள் எங்க சகாய மாதா கோயிலைத் தனிப் பங்கா அறிவிங்கன்னு உண்ணாவிரதம் இருந்தாங்க. கோயில் தெரு வழியா எங்க வீட்டுச் சாவு போகக் கூடாதா, கல்லறை கூடத் தனியாங்கிறது அவங்க ஆதங்கம். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தாங்க. வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது, ரெண்டு பேர் செத்தாங்க. செத்தவங்க வன்னியக் கிறிஸ்தவர்கள். சாதி யாரையும் சும்மா விடறதில்ல.

எறையூர்ல ரெண்டு பக்கத்து வீட்டு ஹால்லயும் அதே படம்தான் இருந்திருக்கும். அதே திறந்த நெஞ்சு. இதை யோசிக்கும்போதுதான் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. பாரே-லெ-மொனியால்ல பிறந்த இந்தப் பக்தி மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவுல இருந்த பயத்தை எடுத்துடுச்சு. அதுல அது ஜெயிச்சது. கடலூர் மீனவ வீட்டுப் பாட்டி ஒருத்தி படத்துக்கு முன்னாடி நின்னு, உனக்குக் கண்ணில்லையா ஆண்டவரேன்னு உரிமையாச் சண்டை போட முடியுதுன்னா, ஜான்சன் தோத்துட்டார்னு அர்த்தம். ஆனா நம்ம ஊர்ல இருந்த தூரம் வேற. அது சாமிக்கும் ஆளுக்கும் நடுவுல இல்ல, பக்கத்துல பக்கத்துல முழங்கால் போட்ட ரெண்டு ஆளுக்கு நடுவுல. அதைப் படத்தால எடுக்க முடியல. தில்லை நெஞ்சு வெளியாலயும் முடியல.

நகரவே இல்லன்னு சொல்லிட முடியாது. 2016ல இந்திய ஆயர்கள் சபையே தலித் மேம்பாட்டுக்குன்னு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு எழுத்துல வச்சது. 2022ல ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். 2024 அக்டோபர்ல போப் பிரான்சிஸ் திரு இருதயத்தைப் பத்தியே ஒரு சுற்றுமடல் எழுதினார். அவரோட கடைசிச் சுற்றுமடலும் அதுதான். 2025 ஏப்ரல்ல இறந்துட்டார். அந்த இதயத்தோட அன்பு தனியா ஜெபம் பண்றதோட நின்னுடக்கூடாது, அடுத்தவனுக்குச் செய்யற சேவையா, காயப்பட்ட சமூகத்தைச் சரி பண்ற வேலையா வெளிய வரணும்ங்கிறது அதுல முக்கியமான பகுதி.

ஆனா ஒரு போப் சொல்றதுக்கு 279 வருஷம் முன்னாடியே, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாண்டிச்சேரி ஜனங்க அதைத் தமிழ்ல கேட்டுட்டாங்க. அவங்க பேர்கூட நாட்குறிப்புல இல்ல. திரு இருதயப் பக்தியோட தமிழ் வரலாறுன்னு யாராவது புத்தகம் போட்டா, முதல் அத்தியாயத்தை 1902லேருந்து ஆரம்பிக்காம 1745லேருந்து ஆரம்பிக்கணும்ங்கிறது என் கட்சி.

உங்க ஊர்ல இப்படிச் சுவர் இருந்த கதை, இடிஞ்ச கதை ஏதாவது தெரிஞ்சா எழுதுங்க மக்களே. கோயில், சர்ச், மசூதி, சுடுகாடு, எதுவா இருந்தாலும் சரி.